நாளொன்றுக்கு ஏழு பக்கம்

போன் மூன்றாவது முறையாக அதிர்ந்தபோது சின்னவளின் இரண்டு கைகளிலும் ஈர விரிப்பின் முனைகள் இருந்தன. துணி தேய்க்கும் உருளை இயந்திரத்துக்கு முன்னால் எப்போதும் இரண்டு பேர் நிற்க வேண்டும். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஒரே நேரத்தில் உதறி, ஒரே நேரத்தில் சூடான உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். ஒருத்தி அரை நொடி பிந்தினாலும் விரிப்பு கோணிக்கொண்டு உள்ளே போய், சுருக்கத்தோடு வெந்து அந்தப் பக்கம் வெளியே வரும். பிறகு அதை மறுபடி நனைத்து மறுபடி கொடுக்க வேண்டும். மூன்று மருத்துவமனைகளின் துணிகள் அந்தச் சலவையகத்துக்கு வந்தன. காலை ஆறரைக்கு நின்றால் பகல் சாப்பாட்டுக்குள் அறுநூறு விரிப்புகள். பதினான்கு வருடங்களாக அவள் இடது முனை. வலது முனையில் நிற்பவளுக்கு ரேடியோ என்று பேர். இயந்திரம் நின்றாலும் அவள் வாய் நிற்காது என்பதால் யாரோ வைத்தது. அவளுக்கே பிடித்துப்போய்த் தங்கிவிட்டது.

“எடுத்துத் தொலையேன்டி. உன் இடுப்பு துடிக்கிற துடிப்புல என் பக்கம் கோணுது,” என்றாள் ரேடியோ.

சின்னவள் கையைத் துடைத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள். அக்கா. வேலை நேரத்தில் அக்கா கூப்பிட்டதே இல்லை.

“வந்துடுச்சுடி,” என்றது அக்காவின் குரல். கல்லூரியின் கழிப்பறையிலிருந்து பேசுகிறாள் என்று எதிரொலியிலேயே தெரிந்தது.

“என்னக்கா வந்துடுச்சு?”

“நெடும்பட்டியல். பரிசுக்கு. பன்னண்டு புத்தகம். எட்டாவதா என்னோடது.” பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். “சின்னவளே, எனக்கு ஒரு உதவி பண்ணு. வாசகர்கள் குரூப் ஒண்ணு இருக்கு. எல்லாரும் அங்கதான் பேசுவாங்க. நான் பாக்க மாட்டேன். பாத்தா ஒரு வாரம் சோறு இறங்காது. நீ சேந்து பாத்துட்டு எனக்குச் சொல்லு.”

“நல்லதை மட்டுமா?”

“கெட்டதையும்தான். ஆனா பதமா.”

அப்பா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. நாவல் வந்து எட்டு மாதம். அக்கா ஆறு மணி நேர ரயில் தூரத்தில் இருந்தாள். அங்கே ஒரு கல்லூரியில் பாடம் நடத்தினாள். விடைத்தாள்களுக்கும் மாமியாரின் மருந்து வேளைகளுக்கும் நடுவே உட்கார்ந்து அப்பாவைப் பற்றி இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தாள். முதல் பிரதியைத் தபாலில் அனுப்பியபோது உள்ளே, ‘எல்லாம் தெரிந்த என் சின்னவளுக்கு’ என்று கையெழுத்திட்டிருந்தாள். சின்னவள் அதைப் பதினோராம் பக்கம் வரை படித்தாள். பதினோராம் பக்கத்தில் அப்பா வேலை முடிந்து வந்து, கிரீஸ் படிந்த காலுறைகளைக் கழற்றி, அவற்றை ஒன்றுக்குள் ஒன்று சுருட்டி ஷூவுக்குள் வைக்கிறார். அதற்கு மேல் அவளுக்குப் போகவில்லை. புத்தகம் அலமாரியின் மேல், குடைக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தது. அக்கா கேட்டபோது, “நல்லா இருந்துச்சுக்கா,” என்றாள். அக்கா, “அப்படியா,” என்றாள். அதோடு சரி. பிறகு ஒருநாளும் அதைப் பற்றி அவள் துருவவில்லை என்பது அப்போது சின்னவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

குரூப்பில் நாலாயிரம் பேர் இருந்தார்கள். நடத்துபவர் ஒரு பல் டாக்டர். தன் படத்துக்குப் பதிலாக ஒரு கடைவாய்ப்பல்லின் படத்தை வைத்திருந்தார். ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் வாசிப்புத் திட்டம் போடுவார்; எந்தப் புத்தகம், எத்தனை பக்கம், எந்தக் கிழமை விவாதம் என்று மருந்துச் சீட்டு மாதிரி இருக்கும். மற்றவர்களும் தங்கள் தங்கள் திட்டங்களைக் கீழே போடுவார்கள். அதில் ‘குவியல்’ என்று ஒருத்தர் மாதாமாதம் மேசையில் புத்தகங்களை அடுக்கிப் படம் எடுத்துப் போட்டார். இந்த மாதம் ஒன்பது, என்பார். அடுத்த மாதம் முதல் தேதி, போன மாதம் முடித்தது ஒன்று, அதுவும் பாதி, இந்த மாதம் பதினொன்று, என்பார். யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. நாலாயிரம் பேருக்கும் அந்த நோய் இருந்தது போலிருந்தது.

நெடும்பட்டியல் வந்த அன்று குரூப் தேன்கூட்டில் கல்லெறிந்த மாதிரி இருந்தது. பன்னிரண்டில் நாலு ஒரே பதிப்பகம், இது பட்டியலா பந்தியா என்று ஒருவர். விட்டுப்போன பெயர்களை மட்டும் எழுதி, இவர்களெல்லாம் செத்த பிறகு கொடுப்பீர்களா என்று இன்னொருவர். ஒரு அம்மா, நான் இந்தப் பன்னிரண்டில் ஒன்றுகூடப் படிக்கவில்லை, எனக்கு வயதாகிவிட்டதா இல்லை பட்டியலுக்கா, என்று கேட்டிருந்தார். அதற்கு முன்னூறு பேர் சிரித்திருந்தார்கள். எட்டாவது பெயரைப் பற்றி இரண்டே இரண்டு வரிதான் இருந்தது. ‘யார் இவர்?’ என்று ஒருவர். ‘தெரியவில்லை, அப்பா பற்றிய நாவலாம், இன்னொரு அப்பா நாவல், கடவுளே’ என்று ‘பக்கம் 99’ என்கிற பேரில் ஒருவர். எந்தப் புத்தகத்தையும் தொண்ணூற்றொன்பதாம் பக்கத்தைத் திறந்து பார்த்துத்தான் வாங்குவாராம்.

வேலை முடிந்து மூன்றே முக்காலுக்குப் பேருந்து நிறுத்தத்தில் நின்று சின்னவள் அக்காவைக் கூப்பிட்டாள்.

“என்ன சொல்றாங்க?”

“புதுசா ஒரு பேர் வந்திருக்குன்னு பேசிக்கறாங்கக்கா. யாருன்னு விசாரிக்கறாங்க. அப்பாவைப் பத்தின நாவலாமேன்னு ஒருத்தர் ஆசையா கேட்டிருக்கார்.”

அந்தப் பக்கம் அக்கா மூச்சு விட்டது கேட்டது. சின்னவளுக்கு அது ஒன்றும் பெரிய பொய்யாகத் தோன்றவில்லை. ரத்தக் கறையை வெந்நீரில் போட்டால் துணியோடு தங்கிவிடும். குளிர்ந்த நீரில் போட்டால் போய்விடும். கறையும் அதேதான், துணியும் அதேதான். நீரில் இருக்கிறது விஷயம்.

பல் டாக்டர் மறுமாதத் திட்டத்தைப் போட்டபோது அவள் எதிர்பார்க்கவே இல்லை. பட்டியலில் இருப்பதிலேயே ஒல்லியான புத்தகத்தை எடுக்கிறேன், குண்டுப் புத்தகம் கொடுத்தால் நீங்கள் யாரும் முடிக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும், என்று எழுதியிருந்தார். எட்டாவது புத்தகம். நாளொன்றுக்கு ஏழு பக்கம். ஞாயிறுதோறும் விவாதம். கடைசி ஞாயிறு முடிந்து நாலாம் நாள் குறும்பட்டியல் வருகிறது, அதற்குள் நமக்கென்று ஒரு கருத்து இருக்க வேண்டாமா.

அக்கா அன்றைக்கு இரண்டு முறை கூப்பிட்டாள். சின்னவள் அலமாரிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு ஏறி, குடையைத் தள்ளிவிட்டு, புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினாள். நாலாயிரம் பேர் தன் வீட்டுக்குள் வரப்போகிறார்கள், வீட்டுக்காரியே இன்னும் உள்ளே போகவில்லை என்றால் எப்படி.

காலைப் பேருந்தில் ஏழு பக்கம் சரியாக முடிந்தது. அப்பா முப்பத்தோரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். நாவலிலும் அதே வேலைதான். ஆனால் நாவலின் அப்பா பேசினார். உண்மை அப்பா தன் மொத்த ஆயுளில் பேசியதைவிட நாவல் அப்பா முதல் ஐம்பது பக்கத்தில் அதிகம் பேசினார். ‘மனிதர்கள் லிஃப்டுக்குள் வந்ததும் ஏன் வாயை மூடிக்கொள்கிறார்கள் தெரியுமா?’ என்று மகளைக் கேட்டார். அப்பா இப்படியெல்லாம் கேட்டதில்லை. சோறு போடு, விளக்கை அணை, செருப்பை ஓரமாக வை. இவ்வளவுதான் அவர் வசனம். ஆனாலும் அந்தக் காலுறைகள் சரியாக இருந்தன. கேபிளைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன் கட்டைவிரலைச் சட்டையில் துடைப்பது சரியாக இருந்தது. அக்கா இவ்வளவு பார்த்திருக்கிறாள் என்று சின்னவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. இருபது வயதில் கல்யாணமாகிப் போனவள்.

முதல் ஞாயிறு குரூப்புக்கு அப்பாவைப் பிடித்துவிட்டது. சொன்னதெல்லாம் நல்லது, சின்னவளுக்கு அலசுகிற வேலையே இல்லை. அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில், “கதையில வர்ற இளையவளைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?” என்றாள்.

“அவ இன்னும் பெருசா வரலையேக்கா.”

“ஆமால்ல,” என்றாள் அக்கா.

இரண்டாம் வாரம் இளையவள் வந்தாள். நாவலில் இரண்டு மகள்கள். மூத்தவள் கதை சொல்கிறாள். இளையவள் வீட்டிலேயே இருக்கிறாள், துணி மடிக்கிறாள், ஜன்னலைச் சாத்துகிறாள், மூத்தவள் ஊரிலிருந்து வரும்போது கதவைத் திறக்கிறாள். நாற்பது பக்கத்தில் அவள் நாலு வாக்கியம் பேசினாள். அதில் இரண்டு, ‘வந்துட்டியா?’ சின்னவள் சாப்பாட்டு இடைவேளையில் விரிப்புக் கட்டுகள் அடுக்கிய அறையில் ஒரு கட்டின் மேல் உட்கார்ந்து படித்தாள். துவைத்த துணியின் சூடு கீழேயிருந்து ஏறியது. ரேடியோ டிபன் டப்பாவோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

“உங்க அக்கா புத்தகமா? அதுல நீ இருக்கியா?”

“இருக்கேன்.”

“என்ன பண்றே?”

சின்னவள் ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டினாள். ரேடியோ மென்றுகொண்டே கேட்டாள். “இந்தப் பொண்ணுக்கு வாய் கிடையாதா?” என்றாள். “எங்கிட்ட நீ ஒரு நாளைக்கு எவ்வளவு திட்டுவே. அதுல ரெண்டு திட்டு போட்டிருக்கலாம் உங்கக்கா.”

அந்த ஞாயிறு குரூப்பும் ஏறக்குறைய அதையே சொன்னது. ‘இளையவள் வெறும் அட்டைப் பொம்மை’ என்றார் ஒருவர். ‘எடுத்துவிட்டாலும் நாவல் அப்படியே நிற்கும்.’ ‘ஆசிரியருக்குத் தங்கை இருந்திருக்க வாய்ப்பில்லை, இருந்திருந்தால் இப்படி எழுத மாட்டார்,’ என்றது பக்கம் 99. கீழே ஒரு பெண், தியாகிப் பாத்திரங்களைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது, இந்த இளையவள் ஒருநாளாவது ஒரு டம்ளரை உடைக்கக் கூடாதா, என்று எழுதியிருந்தாள். சின்னவள் அதை இரண்டு முறை படித்தாள். அவமானமாக இருந்ததா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அப்படி ஒன்றுமில்லை. எட்டு மணி நேரம் நின்ற கால்கள் மாதிரி, ஒரு மாதிரி மரத்துப்போன கனம்தான் இருந்தது.

“இளையவளைப் பத்தி என்ன சொன்னாங்க?” அக்கா முதலிலேயே கேட்டுவிட்டாள்.

“அமைதியான பொண்ணுன்னு சொல்றாங்கக்கா. அவளைப் பத்தி இன்னும் கொஞ்சம் தெரிஞ்சுக்க ஆசையா இருக்காம்.”

“சரி. கால் வலிக்கு எண்ணெய் தேச்சுக்கோ,” என்றாள் அக்கா.

மூன்றாம் வாரத்தில் பல் டாக்டர் முன்னெச்சரிக்கை விடுத்தார். நாளைய ஏழு பக்கங்களுக்குக் கைக்குட்டை தேவைப்படும், நான் இரண்டு நோயாளிகளைக் காக்க வைத்துவிட்டு அழுதேன், என்று. சின்னவளுக்கு எந்த ஏழு பக்கம் என்று தெரிந்துவிட்டது. மறுநாள் அவள் பேருந்தில் படிக்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் துணி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாவலில் அது ஒரு பிற்பகல். அப்பா காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடக்கிறார். பக்கத்தில் மூத்தவள் இருக்கிறாள். இளையவள் மருந்துக் கடைக்குப் போயிருக்கிறாள். அப்பா மூத்தவளின் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு, அதில் கட்டைவிரலால் அழுத்தி, எந்த மாடி, எந்த மாடிக்குப் போகணும், என்று கேட்கிறார். திரும்பத் திரும்பக் கேட்கிறார். மூத்தவள் அவர் காதருகே குனிந்து, ‘தரைத்தளம் வந்துடுச்சுப்பா. கதவு திறந்திருக்கு. நீங்க இறங்கலாம்,’ என்கிறாள். அப்பாவின் கட்டைவிரல் தளர்கிறது. மருந்தோடு இளையவள் திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருக்கிறது.

சின்னவள் புத்தகத்தை மடியில் கவிழ்த்தாள்.

அக்கா அன்றைக்கு ரயிலில் இருந்தாள். வீட்டில் இருந்தது சின்னவள்தான். நாலு நாள் காய்ச்சல். நாலு நாளும் அப்பா அவள் உள்ளங்கையை அழுத்தி எந்த மாடி, எந்த மாடி என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முதல் நாள் அவள் மூணு, அஞ்சு, ஏழு என்று சளைக்காமல் பதில் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் அவர் திருப்தியாகத் தலையாட்டினார். அரை நிமிடத்தில் மறுபடி கேட்டார். நாலாம் நாள் பிற்பகல் அவளுக்குக் கண் எரிந்தது, சுவர் அசைந்தது. அவள் கையை உருவிக்கொண்டு, “கொஞ்சம் பேசாம இருங்கப்பா. உயிரை வாங்காதீங்க. மனுஷி தூங்க வேணாமா?” என்று கத்தினாள். அப்பா அவளைப் பார்த்தார். லிஃப்டில் வருகிற ஆட்களிடம் பேசுகிற அதே மரியாதையோடு, “சரிங்க,” என்றார். கையைப் போர்வைக்குள் எடுத்து வைத்துக்கொண்டார். அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடி, சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். விழித்தபோது மணி நாலு பத்து. அப்பா அதே மாதிரி, சொன்ன சொல் கேட்டவர் மாதிரி, கையை உள்ளே வைத்துக்கொண்டு கிடந்தார்.

அக்காவுக்கு மூன்றாவது முறைதான் அழைப்பு கிடைத்தது. ரயில் இரைச்சலுக்கு நடுவே அக்கா அழுதுகொண்டே, கடைசியா என்ன சொன்னார், கடைசியா என்ன சொன்னார், என்று கேட்டாள். சின்னவள் அதைத் திட்டமிட்டுச் சொல்லவில்லை. எந்த மாடின்னு கேட்டார்க்கா, என்று தொடங்கியதும் மீதி தானாக வாயில் வந்தது. தரைத்தளம் வந்துடுச்சுப்பா, கதவு திறந்திருக்கு, நீங்க இறங்கலாம்னு சொன்னேன். அப்படியே இறங்கிப் போயிட்டார்.

இப்போது அந்த வரியை யாரோ மேகங்கள் உள்ள ஒரு படத்தின் மேல் எழுதி குரூப்பில் போட்டிருந்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் விரும்பியிருந்தார்கள். தன் அம்மாவைத் தனியாக ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்த ஒருவர், இந்த வரி எனக்காக எழுதப்பட்டது என்று சொல்லியிருந்தார். குவியல், இந்த வருடம் நான் முழுசாக முடிக்கப்போகும் முதல் புத்தகம் இதுதான் என்றார். பக்கம் 99 கூட, இந்த ஒரு வரிக்காக மற்றதையெல்லாம் மன்னிக்கலாம் என்று இறங்கி வந்துவிட்டது. அந்த அறையில் யாரும் யாரிடமும் சொல்லாத ஒரு வரி. அதைச் சொன்னவளும் இல்லை, கேட்டவரும் இல்லை.

அக்கா தன்னை அந்த அறையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டாளே என்று கோபம் வருகிறதா என்று சின்னவள் காத்துப் பார்த்தாள். வந்தது வேறொன்று. புத்தகத்தில் இருக்கிற இளையவள் மருந்துக் கடையில் நிற்கிறாள். அவள் யாரிடமும் கத்தவில்லை. வரிசையில் நின்று, சீட்டைக் கொடுத்து, பையை வாங்கிக்கொண்டு, கால் வலிக்க நடந்து வருகிறாள். அந்தப் பெண்ணாக இருக்கச் சின்னவளுக்கு மிகவும் ஆசையாக இருந்தது. விரிப்புக் கட்டின் மேல் அப்படியே கிடந்து, அந்தக் கடை வரிசையில் நின்றுகொண்டே இருக்கலாம் போலிருந்தது. வெளியே ரேடியோ கதவைத் தட்டி, “உள்ளே என்ன பிரசவமா?” என்று கேட்கும் வரை அவள் எழுந்திருக்கவில்லை.

கடைசி ஞாயிறு விவாதத்தில் இளையவளைப் பற்றிய பேச்சு மறுபடி வந்தது. அப்பா போன பிறகு கடைசி மூன்று அத்தியாயங்களில் இளையவள் எங்கே போனாள்? ஆசிரியர் மறந்துவிட்டாரா? சின்னவள் அதுவரை அங்கே ஒரு வார்த்தை எழுதியதில்லை. எழுதினாள்: ‘அவள் தூங்கப் போயிருப்பாள். நாலு நாளாகத் தூங்கவில்லை.’ மூன்று பேர் விரும்பினார்கள். பக்கம் 99 பத்து நிமிடத்தில் பதில் போட்டது: ‘புத்தகத்தில் அப்படி எங்கும் இல்லையே அம்மா. நிதானமாக மறுபடி படியுங்கள்.’

குறும்பட்டியல் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வந்தது. ஐந்து புத்தகங்கள். சின்னவள் இயந்திரத்தை விட்டு நகர முடியாததால் ரேடியோவே போனை வாங்கிப் பார்த்து, ஐந்து பேரையும் சத்தமாக வாசித்தாள். பிறகு மறுபடி முதலிலிருந்து வாசித்தாள், ஏதோ ஒன்று ஒளிந்துகொண்டிருக்கும் என்பது போல.

“இல்லடி,” என்றாள்.

“சரி, பிடி,” என்றாள் சின்னவள். விரிப்பை உதறினார்கள்.

அக்கா போனை எடுக்கவில்லை. குரூப்பில் எட்டாவது புத்தகத்துக்காக இருபது நிமிடம் வருத்தப்பட்டார்கள். நடுவர்களைக் கொஞ்சம் திட்டினார்கள். பல் டாக்டர், நம் மனப்பட்டியலில் அது இருக்கிறது என்று எழுதிவிட்டு, அடியிலேயே அடுத்த மாதத் திட்டத்தையும் போட்டுவிட்டார். அறுநூறு பக்கம், நாளொன்றுக்கு இருபது. மதியத்துக்குள் எல்லாரும் இருபது பக்கம் சாத்தியமா என்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றரைக்கு அவள் வெளியே வந்தபோது வாயில்காரரின் நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சின்னப் பை. புடவை ஒருபக்கம் கசங்கியிருந்தது. எந்தச் செய்தியும் வருவதற்கு முன்னாலேயே காலை ஏழு மணி ரயிலைப் பிடித்திருக்கிறாள்.

“வந்துட்டியா?” என்றாள் சின்னவள். சொன்ன பிறகுதான் அது புத்தகத்தில் இருக்கிற வாக்கியம் என்று உறைத்தது. அக்காவுக்கும் உறைத்திருக்க வேண்டும்; உதடு கோணியது, சிரிப்பா என்னவென்று தெரியவில்லை.

பேருந்தில் கூட்டமில்லை. பின்னால் இரண்டு பேர் இருக்கையில் உட்கார்ந்தார்கள். அக்கா ஜன்னல் பக்கம். வண்டி நாலு நிறுத்தம் தாண்டியது.

“பட்டியல் பாத்தேன்,” என்றாள் சின்னவள். “குரூப்ல எல்லாரும் ரொம்ப வருத்தப்பட்டாங்கக்கா. ஒரு நாள் பூரா அதே பேச்சு.”

“இருபது நிமிஷம்,” என்றாள் அக்கா.

சின்னவள் திரும்பிப் பார்த்தாள்.

“நான் முதல் நாள்லேர்ந்தே அதுல இருக்கேன்டி. வேற பேர்ல. எல்லாத்தையும் படிச்சுடுவேன். அட்டைன்னு சொன்னது, எடுத்துட்டாலும் நிக்கும்னு சொன்னது, எல்லாம். படிச்சுட்டு மூணே முக்காலுக்கு உன் போனுக்குக் காத்திருப்பேன்.”

“அப்புறம் என்னத்துக்கு என்னைக் கேட்டே?”

“நீ சொல்றது நல்லா இருந்துச்சு.” அக்கா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள், மறுபடி திறந்தாள். “அதுவும் இல்ல. நீ எப்பத்தான் படிப்பேன்னு பாத்தேன். எட்டு மாசமா படிக்கலன்னு எனக்குத் தெரியும். படிச்சிருந்தா சண்டைக்கு வந்திருப்பே. என் இடத்துல நீ எப்படி உக்காந்தேன்னு கேட்டிருப்பே. போன் அடிக்கறப்பெல்லாம் இதோ கேக்கப் போறான்னு நினைப்பேன். நீ என்னடான்னா, அமைதியான பொண்ணுன்னு சொல்றாங்கக்காங்கறே.”

“நான் சண்டை போடலயே.”

“அதான் தாங்கல. திட்டேன்டி. அந்த வரி உன்னோடது. அதைத் தூக்கி எனக்கு வச்சுக்கிட்டு உன்னை மருந்துக் கடைக்கு அனுப்பினேன். ஊரே அதைப் படிச்சு அழுவுது.”

பேருந்து ஒரு சந்திப்பில் நின்றது. பக்கத்தில் நின்ற லாரியின் புகை உள்ளே வந்தது. சின்னவள் எக்கி ஜன்னலை இழுத்துச் சாத்தினாள்.

“அந்த வரி என்னோடதும் இல்லக்கா,” என்றாள். “நான் உனக்கு எல்லாத்தையும் மாத்தித்தான் சொல்றேன்னு உனக்கே தெரியுதுல்ல. அன்னிக்கும் மாத்தித்தான் சொன்னேன்.”

பிறகு நடந்ததைச் சொன்னாள். குரலை உயர்த்தாமல், துணி எண்ணிக்கை சொல்வது மாதிரி சொன்னாள். உயிரை வாங்காதீங்க என்றதைச் சொன்னாள். சரிங்க என்றதைச் சொன்னாள். கையை உள்ளே வைத்துக்கொண்டதைச் சொன்னாள். நாலு பத்துக்கு விழித்ததைச் சொன்னாள்.

“சரிங்கன்னாரா?” என்றாள் அக்கா.

“ம்.”

“‘சரிம்மா’ இல்ல? ‘சரிங்க’?”

“‘சரிங்க.’”

அக்காவின் கண் ஒரு நொடி எங்கோ போய் நின்றது. சின்னவளுக்கு அந்தப் பார்வை தெரியும். காலுறையையும் கட்டைவிரலையும் இப்படித்தான் பார்த்திருப்பாள்.

“எழுதிடாதே,” என்றாள்.

“மாட்டேன்,” என்றாள் அக்கா. கொஞ்சம் கழித்து, “மாட்டேன்னுதான் நினைக்கறேன்,” என்றாள்.

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது; அவள் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அக்கா ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. நீ என்ன பண்ணுவே, யாரா இருந்தாலும் அப்படித்தான் என்றெல்லாம் சொல்வாள் என்று சின்னவள் பயந்திருந்தாள். சொல்லவில்லை.

“ரயில்ல சிக்னல் இல்லன்னு சொன்னேன்ல,” என்றாள் அக்கா, எதிர் இருக்கையின் கம்பியைப் பார்த்தபடி. “நீ ரெண்டு தடவை கூப்பிட்டு எடுக்கலன்னு. சிக்னலெல்லாம் இருந்துச்சு. நான் தூங்கிட்டிருந்தேன். அப்பா சாகக் கிடக்கறார், நான் ஜன்னல்ல தலையை வச்சு வாயைத் தொறந்துகிட்டு தூங்கறேன். எதிர்ல இருந்த அம்மா தட்டி எழுப்பினாங்க, உங்க போன் அடிக்குதுன்னு.”

சின்னவள் அவளைப் பார்த்தாள். இதை அக்கா இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் எங்கேயும் வைக்கவில்லை.

“எத்தனை மணி இருக்கும்?” என்றாள்.

“நாலு இருக்கும்.”

“நானும் அப்பதான்.”

“ஆமா.”

மேல்புறம் பிடித்துக்கொள்ளத் தொங்கும் வளையங்கள் எல்லாம் ஒரே பக்கமாக ஆடின. முன்னால் ஒருவர் போனில் யாரிடமோ சாவி எங்கே இருக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். அக்கா பையை மடியில் அணைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். இரண்டு திருப்பத்துக்குள் அவள் தலை சரிந்து, சின்னவளின் தோளில் பட்டு, விலகி, மறுபடி பட்டு, அங்கேயே நின்றது. மூக்குக் கண்ணாடி ஒருபக்கம் ஏறிக்கொண்டது. சின்னவள் மெதுவாக அதைக் கழற்றி மடித்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுந்திய இடம் சிவந்து பளபளத்தது. அக்காவின் வாய் லேசாகத் திறந்துகொண்டது.

அவர்கள் நிறுத்தம் வந்தது. கதவு திறந்தது. ஒரு பெண் காய்கறிப் பையோடு இறங்கினாள். ஓட்டுநர் கண்ணாடியில் சின்னவளைப் பார்த்தார். தினமும் இறங்குகிறவள் அல்லவா. அவள் தோளை அசைக்காமல், தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினாள். கதவு மூடியது. அவள் வீட்டுத் தெரு, முனையில் இருக்கும் தையல் கடை, மாடியில் தான் காலையில் உலர்த்திவிட்டு வந்த துணிகள், எல்லாம் ஜன்னலில் பின்னால் போயின. அதற்கப்பால் அந்தப் பேருந்து எங்கே போகும் என்று பதினான்கு வருடத்தில் அவள் பார்த்ததில்லை. வெயில் சாய்ந்து இருக்கைகளின் மேல் விழுந்திருந்தது. அது அக்காவின் முகத்தில் படாமல் அவள் ஒரு கையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.